யானையை முதலில் தொட்டவள்

என் மனைவி செஸ்ஸில் கெட்டிக்காரி என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவளைப் பெற்ற தாயைத் தவிர.

நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். கட்டம் கட்டமாக ஒட்டத்தான் தெரியுமே தவிர, கட்டத்தின் மேல் காய் வைத்து ஆடத் தெரியாது. அவளோடு வாழ்ந்ததில் எந்தக் காய் எப்படிப் போகும் என்ற அளவுக்கு ஞானம் வந்திருக்கிறது. என்னோடு ஆடச் சொன்னால், "உங்களை ஜெயிக்கிறது ஒரு வேலையாங்க?" என்று காய்களைப் பெட்டியில் போட்டுவிடுவாள். ஆனாலும் இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். போட்டி நடந்த கூடத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, நகத்தைக் கடித்து, கடிக்க நகம் இல்லாமல் போனவன் நான்.

அவள் பிறந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவர் என் மச்சான், அடுத்தது இவள். வீட்டில் இன்றைக்கும் இவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாப்பாவுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. சின்ன வயதில் யாரோ லூடோ அட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் பின்பக்கம் செஸ். லூடோ இரண்டு நாளில் அலுத்துவிட்டது. பின்பக்கம் இன்றுவரை அலுக்கவில்லை.

மச்சான் நன்றாக ஆடுவார். அதை நான் மறைக்கவில்லை. பத்து ஆட்டம் ஆடினால் பாதிக்கு மேல் அவர்தான் ஜெயிப்பார். சிக்கல் மீதி ஆட்டங்களில்தான். இவள் ஜெயித்துவிட்டு, "அம்மா, அண்ணனை ஜெயிச்சுட்டேன்!" என்று சமையலறைக்கு ஓடுவாளாம். அங்கிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும்: "அண்ணன் விட்டுக்கொடுத்திருப்பான், பாவம்."

இவள் திரும்பி அண்ணனைப் பார்ப்பாள். அவர் சிரிப்பார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியாது. கத்துவாள், காயை வீசுவாள். "ஜெயிச்சும் சண்டையா? இதுக்குத்தான் அவன் பேசாம விட்டுக்கொடுத்துடறான்" என்று அதற்கும் ஒரு திட்டு விழும். ஆகமொத்தம், அவர் ஜெயித்தால் அது அவருடைய மூளை. இவள் ஜெயித்தால் அது அவருடைய மனசு.

கல்யாணம் ஆகி, பிள்ளைகள் ஆகி, பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் இது மாறவில்லை. மச்சான் வீட்டுக்கு வந்தால் பலகை வரும். இவள் ஜெயித்தால் என் மாமியார், "தங்கச்சி வீட்டுல வந்து அவளையே தோக்கடிப்பானா?" என்பார். மச்சான் சிரிப்பார். நான் இருதலைக்கொள்ளி எறும்பாக நடுவில் உட்கார்ந்திருப்பேன். மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மனைவியின் தயவு இல்லாவிட்டால் மாடிகூட ஏற முடியாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறாள். வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு, ஸ்கேன் அறையிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு, அங்கிருந்து மறுபடி வார்டுக்கு. எல்லோருக்கும் ஸ்ட்ரெச்சர் அக்கா. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் மெத்தையிலிருந்து வண்டிக்கு மாற்றுவாள், ஒரு முனகல் கேட்காது. நான் ஒரு தடவை கால் உடைந்து அங்கே கிடந்தபோது என்னையும் அப்படித்தான் மாற்றினாள். வீட்டில் காட்டாத பக்குவத்தை அங்கே காட்டினாள் என்று அப்போதே சொன்னேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. நோயாளியை முதலில் தொடக்கூடாது. முதலில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து கட்டிலை ஒட்டி நிறுத்த வேண்டும். சக்கரத்தைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆளை நகர்த்த வேண்டும். ஆளைத் தூக்கிவிட்டு வண்டியைத் தேடினால் ஆள் தரையில் கிடப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்: "முதல்ல வண்டி, அப்புறம்தான் ஆளு." தூக்கத்தில்கூடச் சொல்வாள். நான் கேட்டிருக்கிறேன்.

இதற்கும் செஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ரொம்பச் சம்பந்தம் இருக்கிறது. செஸ்ஸில் கோட்டை கட்டுவது என்று ஒன்று உண்டு. ஒரே முறையில் இரண்டு காய் நகர்வது அதில் மட்டும்தான். நடுவில் நிற்கும் ராஜா இரண்டு கட்டம் தள்ளி ஓரத்துக்குப் போவார்; மூலையில் நிற்கும் யானை அவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நிற்கும். ராஜா பத்திரம். ஆனால் போட்டியில் ஆடும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டால், தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற சட்டம் பாயும். யானையை மட்டும் நகர்த்திவிட்டு, அந்தப் பக்கத்துக் கோட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

என் மனைவியின் கை இதற்கு நேர் எதிராகப் பழகிய கை. முதலில் யானையைக் கொண்டுவந்து ராஜாவை ஒட்டி நிறுத்துவாள். பிறகு ராஜாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பாள். முதலில் வண்டி, அப்புறம் ஆள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு ஆடும் எக்ஸ்ரே அறைக்காரர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். அண்ணனும் தங்கையும் வீட்டில் ஆடும்போதும் யாரும் கண்டுகொண்டதில்லை. போட்டிகளில் மட்டும் அவள் ஜாக்கிரதையாக இருப்பாள். கோட்டை கட்டும் நேரம் வந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "ராஜா முதல்ல, ராஜா முதல்ல" என்று முணுமுணுத்துவிட்டு அப்புறம்தான் கையை வெளியே எடுப்பாள்.

ஊர் சாம்பியன் போட்டி வருடத்துக்கு ஒரு முறை விளையாட்டுச் சங்கத்துக் கூடத்தில் நடக்கும். ஜெயித்தவர் அந்த வருடம் ஊர் அணிக்கு முதல் பலகையில் ஆடுவார். மச்சான் அதைக் குத்தகைக்கு எடுத்தவர்போல வருடா வருடம் ஜெயித்துக்கொண்டிருந்தார். இவள் காலிறுதி, அரையிறுதி மாதிரி எங்காவது வழுக்கிவிடுவாள் என்று நான் யாரிடமாவது சொன்னால், "அது அப்படிப்பட்ட போட்டி இல்லைங்க, எல்லாச் சுற்றும் எல்லாரும் ஆடணும், புள்ளிதான் கணக்கு" என்று என்னைத் திருத்துவாள். இருக்கட்டும். அந்த வருடம் புள்ளிக் கணக்கில் அவள் வழுக்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு முன்னால் மச்சான் முதலிடத்தில், இவள் அரைப் புள்ளி பின்னால். கடைசி ஆட்டம் அண்ணனுக்கும் தங்கைக்கும். சமமாக முடிந்தால்கூடப் பட்டம் அவருக்குத்தான். இவள் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமியாரிடமிருந்து போன் வந்தது. இவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, அண்ணன்கூடவா மோதப் போற?"

"ஆமாம்மா. கடைசி ஆட்டம்."

"கவலைப்படாதே. நான் அவன்கிட்டப் பேசிட்டேன். வருஷா வருஷம் நீயே வாங்கறே, இந்த வருஷம் தங்கச்சிக்குப் பார்த்து விட்டுக்கொடுடான்னு சொல்லியிருக்கேன்."

சீப்பு கட்டிலில் போய் விழுந்தது. "அம்மா! யாரும்மா உங்களைச் சொல்லச் சொன்னது?"

"ஏண்டி, நல்லதுதானே சொன்னேன்?"

போனை வைத்தாள். முகம் வெந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் பயந்தது தோல்விக்கு அல்ல. தோற்றால் அண்ணனிடம் தோற்றாள் என்பார்கள், பழகிப்போன விஷயம். இப்போது ஜெயித்தாலும் முதலுக்கே மோசம். ஊரே கூடியிருக்கும் இடத்தில் ஜெயித்துவிட்டு, அந்தச் சிரிப்பை மறுபடி பார்க்க வேண்டும். அவள் உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா ஏதோ சொன்னாங்களாமே."

"ஆமா, சொன்னாங்க." மச்சான் குரலில் சிரிப்பு கேட்டது.

"நீ மட்டும் விட்டுக்கொடுத்தே, செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"சரி, சரி. வந்து ஆடு முதல்ல."

"சரின்னா என்ன அர்த்தம்? சத்தியம் பண்ணு."

"பாப்பா, எனக்கு நேரமாகுது" என்று அவர் வைத்துவிட்டார். இவள் போனை முறைத்துக்கொண்டு நின்றாள். "பார்த்தீங்களா, சத்தியம் பண்ணலை" என்றாள் என்னிடம். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த அளவுக்காவது ஆட்டம் கற்றிருக்கிறேன்.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒருமுறை தன் சொந்த மாமனாரிடமே டிக்கெட் கேட்டு, அவர் எடுக்காததற்கு அபராதம் போட்டவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர் விட்டுக்கொடுப்பார் என்று அந்த அம்மா எப்படித்தான் நம்பினாரோ! ஆனால் பெற்ற மனசுக்கு மகன் தங்கக்கட்டி. அதை உரசிப் பார்க்கவா முடியும்?

கூடத்தில் நீளமேசைகள், வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் ஒரு கடிகாரம். நடுவர் ஒல்லியான அம்மாள், ரப்பர் செருப்பு போட்டுச் சத்தமில்லாமல் நடப்பார். முதல் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே எக்ஸ்ரே அறைக்காரர், என் இரண்டு கூட்டாளிகள், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, மற்ற ஆட்டங்களைச் சீக்கிரம் முடித்துக்கொண்டவர்கள் என்று நல்ல கூட்டம். அண்ணனும் தங்கையும் மோதினால் யாருக்குத்தான் பார்க்க ஆசையாக இருக்காது?

இவளுக்கு வெள்ளைக் காய். ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அவரும் தள்ளினார். குதிரை, குதிரை. மந்திரி, மந்திரி. இந்தத் தொடக்கத்துக்கு இத்தாலிய ஆட்டம் என்று பெயர். இத்தாலிக்காரர்கள் இதை அமைதியான ஆட்டம் என்கிறார்களாம்; எக்ஸ்ரே அறைக்காரர் என் காதில் சொன்னார். இரண்டு பக்கமும் காய்களை ஒழுங்காக வெளியே கொண்டுவந்து, கோட்டை கட்டி, பிறகு நிதானமாகச் சண்டை போடுவார்கள். அண்ணனும் தங்கையும் லூடோ அட்டையின் பின்பக்கம் ஆடிய காலத்திலிருந்து இதைத்தான் ஆடுகிறார்கள். இருவரும் மளமளவென்று ஆடினார்கள். மச்சான் கோட்டை கட்டினார், ராஜாவைத் தொட்டுத்தான். பிறகு கோட்டைக்கு முன்னால் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். அடுத்தது இவள் கோட்டை கட்ட வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்தது வேறு யாராக இருந்தாலும் அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்திருப்பாள். எதிரே இருந்தது அண்ணன். அதே தொடக்கம், அதே காய்கள், கன்னத்தில் கை வைத்து உட்காரும் அதே ஆள். கை அதுபாட்டுக்கு வீட்டுப் பழக்கத்துக்குப் போய்விட்டது. மூலையில் நின்ற யானையைத் தூக்கினாள்.

தூக்கியதுதான் தாமதம், அவள் முகம் வெளுத்தது. எக்ஸ்ரே அறைக்காரர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். யானை கையில், கை அந்தரத்தில். நான் மச்சானைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் ஆயிற்று. அவள் யானையை வைத்து, ராஜாவை நகர்த்தியிருப்பாள். நடுவர் அம்மாள் அப்போது அடுத்த மேசையில் இருந்தார். வீட்டில் ஆயிரம் தடவை பார்த்து, பேசாமல் விட்டதுதானே?

மச்சான் கையைத் தூக்கினார்.

நடுவர் வந்து குனிந்தார். மச்சான் தாழ்ந்த குரலில், "யானையை முதல்ல தொட்டுட்டாங்க" என்றார். தொட்டுட்டாங்க! சொந்தத் தங்கைக்கு மரியாதை வேறு. நடுவர் இவளைக் கேட்டார், "தொட்டீங்களாம்மா?" யானை இன்னும் கையில்தான் இருந்தது. "தொட்டேன்" என்றாள். "அப்ப யானையைத்தான் நகர்த்தணும். இந்தப் பக்கம் கோட்டை கிடையாது" என்று சொல்லிவிட்டு நடுவர் நகர்ந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கயிற்றைத் தாண்டியிருப்பேன். பக்கத்தில் இருந்த நர்ஸ், "அண்ணனா இது?" என்று வாய்விட்டே கேட்டாள். இவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதைக் கவனித்தது கூடத்தில் அவள் ஒருத்திதான்.

யானைக்குப் போக இரண்டே இடம்தான் இருந்தது. கோட்டை கட்டியிருந்தால் யானை எங்கே நின்றிருக்குமோ அங்கே வைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ராஜா நடுவில் அனாதையாக நிற்பார், ஆனாலும் பார்க்க ஓரளவு ஒழுங்காக இருக்கும். இவள் யானையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். கடிகாரம் ஓடியது. அப்படி அவள் யோசித்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லக்கூட இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கடைசியில் யானையை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்த யானைக்கு முன்னால் அவளுடைய சொந்தச் சிப்பாயே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "என்ன பண்றாங்க இவங்க?" என்று என் கூட்டாளி கேட்டான். எக்ஸ்ரே அறைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அந்த நேர்கோட்டுல கடைசியில யாரு இருக்காங்க பாருங்க" என்றார். பார்த்தேன். யானை, அதற்கு முன்னால் இவள் சிப்பாய், பிறகு வெறும் கட்டங்கள், அவர் சிப்பாய், அதற்குப் பின்னால் கோட்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்த மச்சானின் ராஜா.

அடுத்த முறை அந்தச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அதற்கடுத்து அதையே இன்னும் ஒரு கட்டம். கோட்டை கட்டியவர்கள் தங்கள் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களைக் கிளப்ப மாட்டார்கள். கிளப்பினால் ராஜாவின் மேல் காற்றடிக்கும். இவளுக்குத்தான் கோட்டை இல்லையே! இழக்க ஒன்றுமில்லாத சிப்பாய் தைரியமாக ஓடியது. மச்சான் முன்பே தள்ளி வைத்திருந்தாரே ஓரச் சிப்பாய், அதில் போய் முட்டியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அமைதியான ஆட்டம் அமைதியாகவே போயிருக்கும். கையைத் தூக்கியவர் அவர்.

மச்சான் சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். வெட்டினால் வழி திறக்கும், வெட்டாவிட்டாலும் திறக்கும். வெட்டினார். இவள் குதிரையால் திருப்பி வெட்டினாள். யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் இப்போது குதிரையும் ஒரே ஒரு சிப்பாயும்தான். இவளுடைய ராஜாவோ கோட்டை இல்லாமல், தானே ஒரு கட்டம் முன்னால் நடந்து வந்து நின்றுகொண்டார், கடை வாசலில் நிற்கும் முதலாளி மாதிரி. அவரைத் தொந்தரவு செய்ய மச்சானுக்கு நேரமில்லை. இவளுடைய ராணியும் மந்திரியும் மச்சானின் கோட்டையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சான் ஒரு காயை நகர்த்திவிட்டு, தலையை நிமிர்த்தி, "டிரா?" என்றார்.

சமமாக முடித்துக்கொள்வோமா என்று அர்த்தம். சமமானால் பட்டம் அவருக்கு. ஆனால் அண்ணன் தங்கை சண்டையில்லாமல், கௌரவமாக, கைகுலுக்கிவிட்டுப் போகலாம். என்னைக் கேட்டிருந்தால் நான் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன். மாலை எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் பாருங்கள்.

பதிலுக்கு இவள் யானையைத் தொட்டாள்.

இந்த முறை அறிந்துதான் தொட்டாள். குதிரை முன்பே வழிவிட்டு விலகியிருந்தது. நேராகப் போய், மச்சானின் ராஜாவுக்கு எதிரே நின்ற கடைசிச் சிப்பாயை யானையால் வெட்டினாள். ராஜாவுக்குச் செக். ஒரு சிப்பாய்க்காக யானையையே தூக்கிக் கொடுப்பதா என்று கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவர் ராஜாவால் யானையை வெட்டினார், வேறு வழியில்லை. ராணி வந்தது, செக். ராஜா ஓடினார். குதிரை திரும்பி வந்தது, செக். ராஜா இன்னொரு பக்கம் ஓடினார். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எக்ஸ்ரே அறைக்காரர் என் தோளைப் பிடித்திருந்தவர் இப்போது பிசையவே ஆரம்பித்துவிட்டார்.

மச்சான் நெடுநேரம் பார்த்தார். பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார். எழுந்து நின்று கையை நீட்டினார். இவளும் எழுந்து கையைக் கொடுத்தாள். நடுவர் அம்மாள் வந்து முடிவை எழுதிக்கொண்டு, அதுவரை யாரிடமும் சிரிக்காதவர், இவளைப் பார்த்துச் சிரித்தார். கயிற்றுக்கு வெளியே கைதட்டல் கிளம்பியது. அடக்க யாரும் வரவில்லை. நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாலு பேர் பார்க்க நான் அவள் தோளில் கை போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் சங்கத்தில் போட்டோ எடுக்கிறவர் கேமராவோடு வந்தார். நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. "ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க" என்று நிறுத்திவிட்டு, "பாசமலர்தான் போங்க! தங்கச்சிக்காக அண்ணன் விட்டுக்கொடுத்துட்டாரு போல" என்றார்.

என் மனைவியின் தோள் என் கைக்கடியில் இறுகியது. அவள் போட்டோக்காரரைப் பார்க்கவில்லை. திரும்பி, அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள், சின்ன வயதில் பார்த்த மாதிரி.

மச்சான் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "யோவ்! விட்டுக்கொடுக்கிறவன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுவானா?" என்றார். கூடமே திரும்பியது. "யானையைத் தொட்டா. நான் விட்டேனா? கூப்பிட்டேன். தோத்துடுவேன்னு பயந்து டிரா கேட்டேன். அவ தரலை. என்னை அடிச்சு ஜெயிச்சிருக்காய்யா!"

போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்தப் போட்டோவில் மச்சான் வாய் திறந்தபடி இருக்கும், இவள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் பாதி மட்டும் இருப்பேன்.

வெளியே வந்தோம். கூடத்துப் படிக்கட்டில் மத்தியான வெயில். கோப்பை என் கையில் இருந்தது. இவள் அண்ணனைக் கேட்டாள், "எதுக்குக் கையைத் தூக்கினே? நான் காலையில சொன்னேன்னா?"

மச்சான் செருப்பைப் பார்த்தார். பொய் சொல்ல அருமையான வாய்ப்பு. ஆமாம் பாப்பா, உன் பேச்சுக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் காலத்துக்கும் நல்ல அண்ணன் ஆகியிருப்பார். "அதெல்லாம் அந்த நேரத்துல ஞாபகமே இல்லை. ஜெயிக்கணும்னுதான் தூக்கினேன்" என்றார்.

இவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அண்ணனிடம் நீட்டினாள். "நீயே சொல்லு."

"அம்மா, பாப்பா ஜெயிச்சுட்டா."

"நான் சொன்னதைக் கேட்டுட்டியா! என் தங்கம்டா நீ."

"அம்மா, நான் விட்டுக்கொடுக்கலை."

"நீ அப்படித்தான் சொல்லுவே. உன் மனசு எனக்குத் தெரியாதா?"

"ஐயோ அம்மா! அவ காயைத் தப்பாத் தொட்டா. நான் உடனே நடுவரைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன்மா!"

"எதுக்குடா?"

"அவளைத் தோக்கடிக்கத்தான்!"

"கூடப் பிறந்தவளையாடா?" என்று அந்தப் பக்கம் குரல் ஏறியது. "நான் அவ்வளவு சொல்லியும்? நாலு பேர் நடுவுலயா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

மச்சான் வெயிலில் நின்று திட்டு வாங்கினார். தன் தோல்வியை நிரூபிக்க ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "அம்மா, கேளுங்க. சின்ன வயசுலகூட நான் ஒரு தடவை விட்டுக்கொடுத்ததில்லை. ஒரே ஒரு தடவைகூட. அவ ஜெயிச்சதெல்லாம் அவளே ஜெயிச்சது. நான்தான் நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டு சும்மா சிரிச்சிட்டிருந்தேன்" என்று கத்தினார்.

என் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆட்டம் ஜெயிக்க வந்தவளுக்கு அத்தனை வருடத்து ஆட்டங்களும் மொத்தமாக வந்து சேர்ந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை.

போனில் ஏறியிருந்த குரல் இறங்கியது. பிறகு என் மாமியார் மெதுவாகக் கேட்டார். "நீ மாட்டிவிட்டும் ஜெயிச்சுட்டாளா?"

"ஆமாம்மா."

"அப்படியுமா ஜெயிச்சா?" என்றார். "போனை அவகிட்டக் குடு."

இவள் வாங்கினாள். "எப்படிடி ஜெயிச்சே?" என்று அந்த அம்மா கேட்டார். பிறந்ததிலிருந்து அவளை அவர் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவருக்கு யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாது. இவள் முதல் சிப்பாயிலிருந்து ஆரம்பித்தாள்.

நானும் மச்சானும் கீழ்ப்படியில் உட்கார்ந்தோம். அவள் பேசி முடிக்க நெடுநேரம் ஆனது. நடுவில் ஒரு இடத்தில் மச்சான் தலையை நீட்டி, "இல்ல பாப்பா, அதுக்கு முன்னாடி குதிரையை வெச்சே" என்று திருத்தினார். "ஆமாம்மா, குதிரைதான் முதல்ல" என்று அவள் மறுபடி அந்த இடத்திலிருந்து சொன்னாள்.